இசைத் தூது

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கற்றறிந்த பெரியோர் பலர் அமர்ந்திருக்கும் இச்சபையிலே, இன்னும் சர்வகலாசாலைப் படிப்பை முடிக்காத என்னையும் பேசும்படி பணித்த சங்கத்தாருக்கு நன்றி கூறி, எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருகின்றேன். பிறநாடு சென்று பாடியும் வாசித்தும் ஆடியும் வருகின்ற கலைஞர்கள் தம் நாட்டுக்கு ஆற்றும் தூதுப் பணியைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றேன்.

இப்பொருளைத் திருகோணமலையிற் பேசுவதற்கு ஒரு பொருத்தமுண்டு. நமது துறைமுகம் அந்நிய நாட்டாரை அறியாததன்று. போர்த்துக்கேயர் வந்தனர், கோணேசர் ஆலயத்தை இடித்துக் கோட்டை கட்டினர். ஒல்லாந்தர் வந்தனர், பிரெஞ்சுக்காரர் வந்தனர், ஆங்கிலேயர் வந்து, நாடு சுதந்திரம் பெற்ற பின்னரும் 1957ஆம் ஆண்டு வரை தங்கள் கடற்படைத் தளத்தை இங்கேயே வைத்திருந்தனர். இவர்கள் கப்பல்களில் வணிகச் சரக்கும் வந்தது. வேதப் புத்தகமும் வந்தது. கூடவே பீரங்கியும் வந்தது. பீரங்கியின்றி வருகின்ற தூதும் உலகில் ஒன்றுண்டு. அதுவே இசைத் தூது.

இது மேல்நாட்டார் நேற்றுக் கண்டுபிடித்த புதுமை என்று யாரும் எண்ண வேண்டாம். அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் தொண்டைமானுக்கும் பகை மூண்டபோது, அதியமான் அனுப்பிய தூதர் யார்? சேனாபதியல்லர், மந்திரியுமல்லர், ஔவையார் என்னும் புலவர். தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டிப் பெருமை பேச நினைத்தான். நெய் பூசி மாலை சூட்டி வைத்திருந்த அவன் வேல்களையும், போரிலே முனை மழுங்கிக் கொல்லன் உலையிற் கிடந்த அதியமான் வேல்களையும் ஒப்பிட்டு ஔவையார் பாடிய சிறு பாட்டு, புறநானூற்றிலே இன்றும் இருக்கின்றது. புகழ்வது போலப் பழித்து, பழிப்பது போலப் புகழ்ந்து, ஒரு சொல்லும் கடுமையின்றி, போரின் விளைவு என்னவாகும் என்பதை அவர் உணர்த்திவிட்டார்.

திருவள்ளுவரும் தூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்திருக்கின்றார். தூதனுக்கு வேண்டிய குணங்களை எடுத்து ஓதும் அவர், வாய்மையையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். இந்த ஒரு குணத்தை நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றேன். நான் சொல்லப்போவது முழுவதும் அதனையே சுற்றி வரும். தூது சென்றவர் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும், அனுப்பியவர் வீட்டில் வாய்மை இல்லையாயின் அத்தூது நிலைக்குமா? இதுவே என் கேள்வி.

முதலிலே நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெருமாட்டியிடமிருந்து தொடங்குவோம். மதுரையிலே 1916ஆம் ஆண்டில் வீணை வித்துவாம்சினி சண்முகவடிவு அம்மையாரின் மகளாகப் பிறந்தவர் எம். எஸ். சுப்புலட்சுமி. 1963ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்து தேசத்து எடின்பரோ விழாவிற் பாடிய அவர், 1966ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 23ஆந் திகதி, நியூயோர்க் நகரிலே ஐக்கிய நாடுகள் பொதுச் சபை மண்டபத்திற் பாடினார். அழைத்தவர் அப்போது செயலாளர் நாயகமாயிருந்த பர்மியரான ஊ தாண்ட். வயலினில் வி. வி. சுப்பிரமணியம், மிருதங்கத்தில் டி. கே. மூர்த்தி, கடத்தில் விநாயகராம், உடன் பாடியவர் மகள் ராதா.

அந்த ஆண்டு எத்தகைய ஆண்டு என்பதை நினைத்துப் பாருங்கள். இந்தியாவும் பாகிஸ்தானும் போர் செய்து ஓய்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. வியட்நாமிலே குண்டுமழை பொழிந்துகொண்டிருந்தது. நாடுகளின் பிரதிநிதிகள் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிப் பேசிப் பழகிய அதே மண்டபத்திலே, பட்டுச் சேலையும் தலையிற் பூவுமாக நம் வீட்டுத் தாயார் ஒருவரைப் போல அவர் அமர்ந்தார். மேல்நாட்டார் காதுக்கு ஏற்றதாயிருக்கட்டும் என்று தம் சங்கீதத்தை அவர் மாற்றவில்லை. நம்மூர்ச் சபையில் எப்படிப் பாடுவாரோ அப்படியே பாடினார். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் இயற்றிக் கொடுத்த வடமொழிப் பிரார்த்தனை ஒன்றைப் பாடினார். போரைக் கைவிடுங்கள், போட்டியை விடுங்கள் என்று உலகத்தாரை வேண்டும் பாட்டு அது. ராஜாஜி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த பிரார்த்தனையையும் பாடினார். அதற்கு இசையமைத்தவர் சென்னையில் வாழ்ந்த மேனாட்டுச் சங்கீத விற்பன்னராகிய ஹாண்டெல் மனுவேல். ஓர் இந்து சந்நியாசியின் பாட்டும், ஓர் அரசியல் ஞானியின் சொல்லும், ஒரு கிறிஸ்தவரின் மெட்டும் ஒரே குரலில் வெளிவந்தன. 2016ஆம் ஆண்டில், அவருடைய நூற்றாண்டை முன்னிட்டு ஐக்கிய நாடுகள் சபை முத்திரை வெளியிட்டது.

“நல்லது தம்பி, அந்தப் பாட்டைக் கேட்டு வியட்நாம் யுத்தம் நின்றுவிட்டதா?” என்று பெரியவர் ஒருவர் கேட்கலாம். நிற்கவில்லை. அது பின்னும் ஒன்பது ஆண்டுகள் நடந்தே ஓய்ந்தது. பாட்டு ஒப்பந்தம் எழுதாது, எல்லை வகுக்காது, கடன் தீர்க்காது. அது செய்வது வேறு. அதுவரை பஞ்சம், பட்டினி, கோதுமைக் கப்பல் என்னும் செய்திகளால் மட்டுமே இந்தியாவை அறிந்திருந்த ஒருவன், இரண்டு மணி நேரம் அமைதியாயிருந்து அந்நாட்டின் உள்ளத்தைக் கேட்டான். மறுநாட் காலையில் அவன் அந்நாட்டைப் பற்றிப் பேசும்போது, முன்பு பேசியவாறு பேசுவது கடினம். இசைத் தூதின் வெற்றி இவ்வளவே. ஆனால் இவ்வளவைச் செய்ய எந்த மந்திரியின் அறிக்கைக்கும் வல்லமையில்லை.

இனி, அரசாங்கமே கலைஞர்களைத் தெரிந்தெடுத்துச் செலவுங் கொடுத்து அனுப்பிய கதை ஒன்றைப் பார்ப்போம். அமெரிக்காவுக்கும் சோவியத் நாட்டுக்கும் பனிப்போர் நடந்த காலத்தில், அமெரிக்க வெளிநாட்டமைச்சு 1956ஆம் ஆண்டிலே டிசி கில்லெஸ்பி என்னும் ஜாஸ் வித்துவானை அவர் வாத்திய கோஷ்டியோடு ஈரான், பாகிஸ்தான், சிரியா, துருக்கி முதலிய நாடுகளுக்கு அனுப்பியது. 1958இல் டேவ் புரூபெக் குழுவினர் போலந்து தொடங்கிப் பல தேசங்களுக்குச் சென்றனர்; இந்தியாவுக்கும் நம் இலங்கைக்கும் வந்தனர். சென்னையிலே மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்து, அவருடைய லய விந்நியாசத்தைக் கேட்டு வியந்தனர். 1963இல் டியூக் எலிங்டன் வந்தார். அவரும் இலங்கையில் வாசித்தார். அவ்வாண்டு நவம்பரில் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டிறந்த செய்தி எட்டவே அவருடைய சுற்றுப்பயணம் இடையிலே நின்றது.

இவர்களை அனுப்பியதன் நோக்கம் என்ன? “அமெரிக்காவிலே கறுப்பரை மனிதராக நடத்துவதில்லை” என்று சோவியத் நாடு உலகெங்கும் சொல்லி வந்தது. அதற்கு மறுமொழியாகக் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசிக்கும் குழுக்களை அமெரிக்கா அனுப்பியது. வாசித்தவர் திறமையிற் குறைவில்லை. கேட்டவர் மகிழ்ச்சியிலும் குறைவில்லை. ஆனால் சோவியத் நாடு சொன்னது பொய்யுமில்லை. அங்கேதான் சங்கடம்.

1957ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஆர்கன்சா மாகாணத்து லிட்டில் ராக் நகரிலே ஒன்பது கறுப்பு மாணவர் ஒரு பாடசாலைக்குச் செல்ல முற்பட்டனர். அவர்களை உள்ளே விடாதபடி மாகாண ஆளுநர் ஆயுதந் தாங்கிய படையை வாசலிலே நிறுத்தினார். அப்போது சோவியத் நாட்டுக்கு அரசாங்கத் தூதாகச் செல்லவிருந்தவர் உலகப் புகழ் பெற்ற எக்காள வித்துவான் லூயி ஆம்ஸ்ட்ரோங். தம் இனத்தாரைத் தம் அரசு நடத்தும் விதத்தைக் கண்டித்து, தாம் போகப்போவதில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அந்நிய நாட்டார் “உங்கள் நாட்டிலே என்ன நடக்கின்றது?” என்று கேட்டால் எதைச் சொல்வது என்பதே அவருடைய கேள்வி. சில நாட்களில் ஜனாதிபதி ஐசன்ஹோவர் மத்திய அரசின் படையை அனுப்பி அம்மாணவரைப் பாதுகாப்போடு பாடசாலைக்குட் சேர்ப்பித்தார். ஆம்ஸ்ட்ரோங் அவரைப் பாராட்டித் தந்தி அடித்தார். பின்னர் 1960இல் ஆபிரிக்க நாடுகளுக்கு அவர் அரசுத் தூதாகவே சென்று வாசித்தார். 1962இல் புரூபெக்கும் அவர் மனைவியும் எழுதி, ஆம்ஸ்ட்ரோங் நடித்துப் பாடிய இசைநாடகத்தின் பெயர் ‘மெய்யான தூதுவர்’ என்பதாகும்.

சகோதரர்களே! வள்ளுவர் வாய்மையைத் தூதனுக்கு இலக்கணமாக வைத்தது எதற்காக என்பது இங்கே விளங்குகின்றதல்லவா? தூதன் சொல்லுஞ் சொல் மெய்யாயிருக்க வேண்டுமானால், அவனை அனுப்பிய வீடு முதலில் மெய்யாயிருக்க வேண்டும்.

அமெரிக்கரைக் குறை சொல்லிவிட்டுக் கைதட்டி வீட்டுக்குப் போவது எளிது. நம் வீட்டு நிலை என்ன? அதைச் சொல்லுமுன் நம் சைவத்திலேயே உள்ள ஒரு வரலாற்றை நினைவூட்டுகின்றேன்.

திருஞானசம்பந்தப் பிள்ளையார் தலந்தோறும் சென்று பாடியபோது, அவருடன் யாழ் வாசித்துச் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். உடன் சென்றவர் அவர் மனைவியார் மதங்கசூளாமணியார். அக்கால வழக்கத்தில் பாணர்க்கு அந்தணர் இல்லத்தினுள் இடமில்லை. திருச்சாத்தமங்கையிலே நீலநக்கர் என்னும் வேதியர் பிள்ளையாரைத் தம் இல்லத்துக்கு அழைத்து உபசரித்தார். இரவு தங்கும் வேளையிலே, பாணருக்கும் அவர் மனைவியாருக்கும் ஓர் இடம் கொடுக்குமாறு பிள்ளையார் பணித்தார். நீலநக்கர் திண்ணையைக் காட்டவில்லை, கொல்லைப்புறத்தைக் காட்டவில்லை, வீட்டின் நடுவே, தாம் வேள்வித் தீ வளர்க்கும் வேதிகையின் பக்கத்திலே இடங் கொடுத்தார். அத்தீ அணைந்து போகவில்லை. வலஞ்சுழித்து மேலும் ஓங்கி எரிந்தது என்று சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திற் கூறுகின்றார். இதனைப் புராண படனத்திலே ஆண்டுதோறும் கேட்கின்றோம், கண்ணீரும் விடுகின்றோம்.

ஆனால் நடந்து வந்திருப்பது என்ன? வீணை தனம்மாளின் பேர்த்தியார் பாலசரஸ்வதி, தேவதாசி மரபில் வந்தவர். எந்த மரபு அந்தப் பரதத்தைக் காத்து வைத்திருந்ததோ, அந்த மரபினரைச் சமுதாயம் இழிவாகப் பேசிற்று. அதே பாலசரஸ்வதி 1961இல் டோக்கியோ நகரிலும், 1962இல் அமெரிக்காவிலும், 1963இல் எடின்பரோவிலும் ஆடியபோது உலகம் எழுந்து நின்று வணங்கியது. உலகம் வணங்கிய பின்னரே நம்மவரிற் பலர் கண் விழித்தனர். இணுவிலிலே 1933இற் பிறந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி, கடல் கடந்து தமிழ்நாட்டுப் பெரும் வித்துவான்களோடு அமர்ந்து வாசித்து, ஈழத்துத் தவிலின் பெயரை அங்கே நிலைநாட்டினார். அரசாங்கம் அனுப்பிய தூதல்லர் அவர். அவருடைய கைவிரல்கள் அனுப்பிய தூது. 1975இலே அவர் மறைந்தார். அவர் பெயரைச் சொல்லி இன்றும் பெருமைப்படுகின்றோம்.

அதே வாயால் நம் கோயில் திருவிழாவிலே மேளகாரரோடு கூலி பேசும் விதத்தைச் சிறிது எண்ணிப் பாருங்கள். திருவிழா அறிவித்தலிலே உபயகாரர் பெயர், அவர் தகப்பனார் பெயர், உத்தியோகம் எல்லாம் அச்சாகின்றன. வாசிப்பவர் பெயருக்கு மட்டும் இடமில்லை. “விசேட மேளக்கச்சேரி” என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகின்றது. விடியுமட்டும் வாசித்தவருக்குச் சாப்பாடு கடைசிப் பந்தியிலே. பறை அடிப்பவருக்கோ அந்தப் பந்தியுமில்லை. அவருக்கு வெளி வீதியே எல்லை. நாளை இவர்களுள் ஒருவரை அழைத்துப் பாரிஸ் நகரிலோ ரொறன்ரோவிலோ வாசிக்கச் செய்து, “இது எங்கள் பண்பாடு” என்று நாம் சொல்வோமாயின், ஆம்ஸ்ட்ரோங்கிடம் கேட்டிருக்கக்கூடிய அதே கேள்வியை யாரேனும் அவரிடம் கேட்டால் அவர் எதைச் சொல்வார்?

இரண்டாவதாக ஒன்று. தூது என்றதும் தூரதேசத்தையே நினைக்கின்றோம். மிக அருகில் இருப்பவரிடம் தூது செல்வதே மிகக் கடினமானது. மிக அவசியமானதும் அதுவே. 1934ஆம் ஆண்டிலே மகாகவி ரவீந்திரநாத் தாகூர் தம் சாந்திநிகேதன மாணவ மாணவியரோடு இலங்கைக்கு வந்து இசையும் நடனமும் கலந்த நாடகம் ஒன்றை அரங்கேற்றினார். அந்த வருகையால் எழுச்சி பெற்ற சிங்கள இளைஞர் பலர் இந்தியாவுக்குச் சென்று கலை கற்றனர். அவ்வாறு சாந்திநிகேதனத்திற் படித்துத் திரும்பியவர் ஆனந்த சமரக்கோன். அவர் 1940இல் இயற்றிய பாட்டே இலங்கையின் தேசிய கீதமாயிற்று. அதனைத் தமிழாக்கித் தந்தவர் பண்டிதர் மு. நல்லதம்பி. வங்காளத்திலிருந்து வந்த ஒரு கலைக்குழு, ஒரு சிங்கள வாலிபர், ஒரு தமிழ்ப் பண்டிதர் என்று அந்த இசை சென்ற வழியைப் பாருங்கள். தூதின் பயன் கச்சேரி முடிந்த இரவிலே தெரிவதில்லை. மாணவன் கற்றுத் திரும்பிய பின்னரே தெரிகின்றது. இந்தியா 1950இலே அமைத்த கலாசார உறவுகளுக்கான பேரவை, கலைஞரை வெளியே அனுப்புவதோடு நில்லாமல், நம் நாட்டவர் உட்படப் பிறநாட்டு மாணவருக்கு உபகாரச் சம்பளமும் கொடுத்து வருவது இதனாலேதான்.

நான் மிஷன் பாடசாலையிற் படித்தவன். அங்கே தமிழ்க் கிறிஸ்தவ கீர்த்தனைகளைக் கேட்டு வளர்ந்தேன். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் கருநாடக இராகங்களிலே பாடிவைத்த கீர்த்தனைகள் அவை. மேல்நாட்டார் கொண்டுவந்த சமயம் தமிழ் உள்ளத்திற் பேசத் தொடங்கியது, அது நம் இராகத்தைக் கற்றுக்கொண்ட பின்னரே. தூது சொல்ல வருபவன் முதலிற் கேட்கவும் கற்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை. நாதசுர மேதை ஷேக் சின்ன மௌலானாவோ பிறப்பால் முஸ்லிம். ஸ்ரீரங்கத்திலே குடியேறி அரங்கநாதர் சந்நிதியில் வாசித்தவர். யாழின் பெருமையை எடுத்துரைத்த சுவாமி விபுலாநந்தர், பௌதிகம் கற்றவர், ஆங்கிலம் கற்றவர், அந்த அறிவையெல்லாம் கொண்டு பழந்தமிழிசையை ஆராய்ந்து ‘யாழ் நூல்’ எழுதினார். ஈழத்தவர் ஒருவர் எழுதிய அந்நூல் 1947ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலே திருக்கொள்ளம்பூதூர்ச் சந்நிதியில் அரங்கேறியது. அதுவும் ஓர் இசைத் தூதே.

நம் திருகோணமலையிலே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வாழ்கின்றோம். ஒருவர் பாட்டை ஒருவர் கேட்பதெல்லாம் ஒலிபெருக்கி வழியாக மட்டுமே. அதுவும் சில வேளைகளில் ஒன்றோடொன்று போட்டியாக! முப்பது ஆண்டு யுத்தத்தைக் கண்ட நகரத்துக்கு இது போதாது. கடலைக் கடக்குமுன் தெருவைக் கடக்க வேண்டும்.

ஆதலால் நம் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். ஒன்று: அடுத்த ஆண்டு முதல் நாம் நடத்தும் எல்லா விழாக்களின் அறிவித்தலிலும் வாசிப்பவர், பாடுபவர், பறை அடிப்பவர் பெயர்கள் உபயகாரர் பெயர்களின் அளவிலேயே அச்சாக வேண்டும். இரண்டு: அவர்கள் அனைவரும் நம்மோடு முதற் பந்தியிலே, ஒரே வரிசையில் அமர்ந்து உண்ண வேண்டும், பரிமாறுபவர் வாலிப அங்கத்தவராக இருக்க வேண்டும். நீலநக்கர் செய்ததற்கு மேலாக நாம் எதனையும் செய்யப்போவதில்லை. மூன்று: ஆண்டுக்கு ஓர் இரவு, நம் மண்டபத்துக்குச் சிங்கள, முஸ்லிம், கிறிஸ்தவ சகோதரரின் இசைக் குழுக்களை அழைத்து, நாம் பேசாமலிருந்து கேட்க வேண்டும். அவர்கள் அழைத்தால் நம் தேவார கோஷ்டியும் மேளமும் அங்கே செல்ல வேண்டும்.

முதலாவதற்குப் பணம் வேண்டாம். அச்சுக்காரரிடம் ஒரு வார்த்தை போதும். இரண்டாவதற்குச் சிலர் முகஞ் சுளிக்கலாம். அம்முகங்களை நான் அறிவேன். அவர்களுட் சிலர் என் உறவினர். அவர்களோடு சண்டையிட வேண்டாம்; பெரியபுராணத்தை எடுத்து அந்தப் பகுதியை அவர்களையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது கடினம், முதல் ஆண்டிலே நாற்காலிகள் காலியாயிருக்கலாம். இரண்டாம் ஆண்டும் அழைப்போம்.

இவற்றைச் செய்த பின்னர், நம் பிள்ளைகளுள் ஒருவர் என்றோ ஒரு நாள் அந்நிய நாட்டு மேடையிலே அமர்ந்து சுருதி சேர்க்கும்போது, “உங்கள் ஊரிலே இசைவாணரை எப்படி நடத்துகின்றீர்கள்?” என்று யாரேனும் கேட்டால், அவர் தலை குனிய வேண்டியதில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டுப் பாடத் தொடங்கலாம்.

கோணேசப் பெருமான் திருவருள் நம் அனைவர்க்கும் உரித்தாகுக.